செவ்வாய்க்கிழமை எறிந்த பத்துப் பந்துகள்

நான் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட பேஸ்பால் ஒப்பந்தத்தில், செய்யக் கூடாதவை என்று ஒரு நீளமான பத்தி இருந்தது. குத்துச்சண்டை, மல்யுத்தம், பனிச்சறுக்கு, மோட்டார் சைக்கிள் பந்தயம், விமானத்திலிருந்து குதிப்பது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'உடம்புக்கு ஊறு நேரக்கூடிய இவை போன்ற பிற விளையாட்டுகள்' என்று முடித்திருந்தார்கள். அப்பா அதை மூன்று முறை படித்தார். அவர் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஊறியவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஓட்டை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

"கிரிக்கெட்னு எங்கியுமே போடலியே கண்ணு," என்றார்.

எழுதிய வக்கீலுக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே நினைவுக்கு வந்திருக்காது. அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஈரோட்டிலிருந்து அமெரிக்காவில் நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குள் தமிழ் எழுதப் படிக்க நன்றாக வந்துவிட்டது, அம்மா அதை மறக்க விடவில்லை. இதைத் தமிழில் எழுதுவதற்கு அது ஒரு காரணம். யார் இதைப் படிக்கக் கூடாது என்று பயப்படுகிறேனோ அவருக்குத் தமிழ் தெரியாது என்பது இன்னொரு காரணம். கோழைத்தனம்தான். எழுதாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் தேவலை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கல்லூரியில் மூன்று விளையாட்டு ஆடினேன். இலை உதிரும் மாதங்களில் கால்பந்து அணியின் கோல் கீப்பர். வசந்தத்தில் ஈட்டி எறிதலும் பேஸ்பாலும். சில சனிக்கிழமைகளில் காலையில் ஈட்டியை எறிந்துவிட்டு, காருக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, மதியம் பேஸ்பால் ஆடப் போயிருக்கிறேன். மூன்று கோச்சுகளும் என்னை வைத்து ஒருவருக்கொருவர் முறைத்துக்கொள்வார்கள். நான் யார் கூப்பிட்டாலும் போவேன். முடியாது என்று சொல்லத் தெரியாது. அதைப் பெரிய நற்குணம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு பேஸ்பால் நிறுவனம் என்னைப் பிட்சராக எடுத்துக்கொண்டது. பிட்சர் என்றால் பந்து எறிபவர், அவ்வளவுதான். பேஸ்பாலின் உச்சியான மேஜர் லீக்குக்குக் கீழே படிப்படியாக நாலு நிலைகள் உண்டு. அடிப்படியில் தொடங்கி ஏற வேண்டும். 'எஞ்சினீயரிங் முடிச்சுப்போட்டு என்ன வேணாலும் ஆடிக்க' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்தநாள் விருந்து, கொலு, கிரகப்பிரவேசம் என்று எங்கே போனாலும் என் பேச்சுதான். கேட்கிற அங்கிள்களுக்கு அது ஆபீஸ் பிரமோஷன் மாதிரி. "எப்ப மேல போவான்?" என்பார்கள். "அடுத்த வருசம்," என்பார் அப்பா. அவர் சொல்லச் சொல்ல நான் நழுவி வெளியே போய்விடுவேன். ஆனாலும் மூன்றாவது வருடம் மூன்றாவது படிக்கு வந்துவிட்டேன். டெக்சாஸில் ஒரு அணி. இன்னும் ஒரு படி ஏறினால் அதற்கு மேலே மேஜர் லீக்.

அந்த சீசன் முடிந்து அக்டோபரில் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் வருடா வருடம் ஊர்வாரியாக அணி பிரித்து, டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் போட்டி நடத்துவார்கள். மதுரைக்காரர்கள் ஓர் அணி, நெல்லைக்காரர்கள் ஓர் அணி. எங்கள் ஈரோடு, கோவைக் கூட்டத்துக்கு அப்பாதான் மேனேஜர். நாலு வருடமாக முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய அணி அந்த வருடம் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. எதிரே கீழக்கரைக்காரர்கள். எங்கள் அணியில் ஒருவருக்கு, காரிலிருந்து பையை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினொன்றாவது ஆள் இல்லை.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் கண்ணு. சும்மா பவுண்டரியில நின்னாப் போதும்."

"கான்ட்ராக்ட் இருக்குதுங்கப்பா."

"அதுல கிரிக்கெட் இல்லைன்னு நான்தான் பார்த்துச் சொன்னேனில்ல? உன்ற பக்கம் பந்து வந்தாத்தானே."

என்னிடம் அப்படிச் சொன்னவர், மைதானத்தைப் பார்த்துத் திரும்பி, "யாரும் என்ற பையனை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுப்போடாதீங்க!" என்று சத்தம் போட்டார். தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போய் நின்றேன்.

குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். கடைசி ஓவரின் கடைசிப் பந்து என் பக்கம் உருண்டு வந்தது. அவர்கள் இரண்டாவது ரன்னுக்கு ஓடினார்கள். அந்த ரன்னை எடுத்துவிட்டால் ஆட்டம் சமன். எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அப்பாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பந்து எறிந்து பிழைக்கிற எவனுக்கும் தெரியும், உடம்பைச் சூடாக்காமல் எறியக் கூடாது. இலேசான பந்தை முழு வேகத்தில் எறியவே கூடாது. நான் எறிந்தேன். ஸ்டம்ப் பறந்தது. முழங்கைக்கு உள்பக்கம், ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒன்று நடந்தது. அப்பா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். நானும் சிரித்துக்கொண்டே குதித்தேன்.

அன்றிரவு முழங்கை வீங்கிவிட்டது. ஃப்ரீசரில் இருந்த துருவிய தேங்காய் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தேன். நிறுவனத்தில் சொல்ல முடியாது. கிரிக்கெட் என்று எழுதாவிட்டாலும் 'பிற விளையாட்டுகள்' என்ற அந்தக் கடைசி வரி போதும், அவர்கள் வைத்தியம் பார்க்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தையும் கிழித்துப் போடலாம். அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? குளிர்காலம் முழுவதும் வலி குறைந்தும் கூடியும் இருந்தது. பிப்ரவரியில் பயிற்சி முகாமுக்குப் போனபோது, பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

டெக்சாஸ் அணியில் எங்கள் பிட்சிங் கோச், ஐம்பதைத் தாண்டிய ஒரு டெக்சாஸ்காரர். அதிகம் பேசமாட்டார். கோயில் வாசலில் கூட்டத்தை எண்ணுவார்களே, அந்த மாதிரி அழுத்தி எண்ணுகிற கருவி ஒன்று எப்போதும் அவர் உள்ளங்கையில் இருக்கும். நாங்கள் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சொடுக்கு. முப்பது என்றால் முப்பதுதான். முப்பத்தொன்றாவது பந்துக்குக் கையை நீட்டினால் பந்தையே பிடுங்கிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆள்வாரியாக எழுதுவார். மற்றவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பயிற்சியில் முப்பது பந்து முடிந்தது. அவர் என் பக்கத்தில் வந்து, "உன் கை தாழ்ந்து வருகிறது. எங்கேயாவது வலிக்கிறதா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். நம்பாமல் பார்த்தார். நம்ப வைக்க வேண்டுமே என்று, "இன்னும் பத்துப் பந்து எறிகிறேன், பாருங்கள்," என்றேன். வேண்டாம் என்றார். கெஞ்சினேன். நான் அப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. "பத்துதான்," என்று விட்டுக்கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பத்தையும் நேராக எறிந்தேன். நோட்டில் நாற்பது என்று எழுதிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், மூன்றாவது ஆளுக்கு எறிந்த பந்து எங்கோ வேலியில் போய் மோதியது. என் கை என்னுடையதாக இல்லை.

மருத்துவ அறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முதன்முதலில் எப்போது வலித்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று ஒரு கேள்வி. இடது கையால் கோணல் மாணலாக எழுதினேன். 'செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில். முப்பதுக்கு மேல் கோச் என்னைப் பத்துப் பந்து எறியச் சொன்னார்.' யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று பூசி மெழுக மாட்டேன். யோசித்துத்தான் எழுதினேன். வேலை நேரத்தில் அடிபட்டதாக இருந்தால்தான் அறுவை சிகிச்சையை அவர்கள் செய்வார்கள்.

ஹூஸ்டனில் செய்தார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு வந்து, இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்க்ராஃப்ட் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கினார். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் அவர் எனக்கு இட்லி வாங்கப் போயிருந்த நேரத்தில் கோச் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கையில் அந்த நோட்டுப் புத்தகம்.

"பயிற்சி முகாமிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்," என்றார். "எங்கே தப்பு விட்டேன் என்று தெரியவில்லை. ஆனால் விட்டிருக்கிறேன். அந்தப் பத்தை நான் அனுமதித்திருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு."

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தவன் மாதிரி படுத்திருந்தேன். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டு அவர் போனார். அதைப் போல என்னை நான் வெறுத்த நேரம் கிடையாது.

அப்பாவின் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சிஸ்டம் படுத்துவிட்டால், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, ரூட் காஸ், அதாவது மூல காரணம், என்ன, யார் பொறுப்பு என்று வரிசையாக ஒரு ரிப்போர்ட் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்பா அதில் கெட்டிக்காரர். என் கைக்கும் ஒன்று எழுதினார். நான் எந்த வாரம் எத்தனை பந்து எறிந்தேன் என்று அட்டவணை போட்டு, 'ரூட் காஸ்: கோச்சின் கவனக்குறைவு' என்று கொட்டை எழுத்தில் தலைப்புக் கொடுத்து, நிறுவனத்தில் யார் யார் ஈமெயில் முகவரி கிடைத்ததோ அத்தனை பேரையும் சேர்த்திருந்தார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "சரியா இருக்குதான்னு ஒருக்காப் பாரு கண்ணு," என்றார்.

அந்தப் பத்துப் பந்து எறிந்த நாளைப் புதன்கிழமை என்று போட்டிருந்தார். அதை மட்டும் செவ்வாய்க்கிழமை என்று நான் திருத்தினேன்.

அந்த சீசன் முடிவில் கோச்சை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. வேறெந்த நிறுவனமும் அவரைக் கூப்பிடவும் இல்லை. பந்தை எண்ணுகிறவர் என்று பெயரெடுத்தவர் எண்ணிக்கையில் கோட்டை விட்டார் என்றால், அப்புறம் அவரிடம் என்ன இருக்கிறது? ஹூஸ்டனுக்கு வெளியே ஏதோ ஓர் ஊரில் டெலிவரி வண்டி ஓட்டுகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

என் கை திரும்பவில்லை. ஒன்றரை வருடம் கழித்து எறிந்தபோது பந்தில் வேகம் இல்லை. பயிற்சி முகாமில் ஒரு காலை, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது உதவி கோச் ஒருவர் வந்து தோளைத் தொட்டு, "மேனேஜர் கூப்பிடுகிறார், சாமானை எல்லாம் எடுத்துக்கொண்டு போ," என்றார். மேனேஜர் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார். பேஸ்பாலில் அப்படித்தான் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நானும் மனிதன்தான் என்று கொஞ்சம் நம்பியிருப்பேன்.

பிறகு நானும் பிட்சிங் கோச் ஆனேன். மூன்று வருடம் டெக்சாஸிலேயே கீழ்நிலை அணி ஒன்றில் இருந்தேன். தோளைத் தொட்டுச் சாமானை எடுக்கச் சொல்லும் வேலை அங்கே எனக்கு வந்தது. எத்தனை தோள்களைத் தொட்டேன் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. அது தாங்காமல் கலிஃபோர்னியாவுக்கு வந்து, குபெர்டினோவுக்குப் பக்கத்தில், கார்ப்பெட் கிடங்காக இருந்த ஒரு கட்டிடத்தில் தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன்.

இங்கேதான் அசிங்கம் முழுமை அடைந்தது. நிலையத்தின் முதலாளி என் கதையைக் கேட்டார். எல்லோரிடமும் சொல்கிற கதையைச் சொன்னேன். அவர் அதை அப்படியே வெப்சைட்டில் போட்டுவிட்டார். அளவுக்கு மீறி எறியவைத்த ஒரு கோச்சால் தன் எதிர்காலத்தை இழந்தவர், உங்கள் பிள்ளைக்கு அது நடக்க விடமாட்டார் என்று என் படத்துக்குக் கீழே இரண்டு வரி. பெற்றோர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். பிள்ளைகளை ஒரே நேரத்தில் மூன்று டீமில் சேர்த்து, மேத் கிளாஸ் மாதிரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருப்பார்கள். "நீங்க பட்ட கஷ்டம்தான் சார் எங்க பிள்ளைங்களைக் காப்பாத்துது," என்று ஒரு அம்மா கண் கலங்கச் சொன்னார். தலையை ஆட்டினேன்.

அம்மா காலமான பிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார்.

போன வருடம் மார்ச்சில், டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். என் பழைய கோச் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். அவரைப் பற்றி விசாரித்தபோது அந்த விவகாரமும் என் வெப்சைட்டும் கண்ணில் பட்டதாம். "பிள்ளைகளை அவரிடம் நம்பி விடலாமா என்று உங்களிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தோம்," என்றார். எத்தனையோ வருடம் கழித்து, உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு தானாக வீடு தேடி வந்திருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அப்பா சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார். தயிர் சாதத்தைத் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கை பிய்ந்தது டெக்சாஸில் இல்லை, வெஸ்ட் வின்ட்சரில், உங்கள் கிரிக்கெட் மேட்சில் என்று.

அப்பா பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியுமே கண்ணு," என்றார்.

"எப்படீங்கப்பா?" என்றேன்.

"அன்னைக்கு மேட்ச் முடிஞ்சு டீ குடுத்தாங்க. நீ இடது கையில வாங்குன. எப்பவுமே வலது கையிலதான் வாங்குவ. அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏனுங்கப்பா அந்த மெயில் எழுதுனீங்க?"

அப்பா ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட்டுன்னா ரூட் காஸுன்னு ஒண்ணை எழுதித்தான் ஆகோணும். என்ற பேரை எழுத எனக்குக் கை வரல." கொஞ்சம் கழித்து, "உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல," என்றார். அவருக்கு எழுபத்து மூன்று வயது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அந்த மெயிலில் கிழமையைத் திருத்தியவன் நான். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே ஆளின் தலையில் ஏற்றியிருக்கிறோம். என்ன முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது?

"நாளைக்கு அவியளுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடுவேனுங்கப்பா."

"சொல்லு," என்றார். "உன்ற வேலை போயிரும். பார்த்துக்க."

மறுநாள் காலை பயிற்சி நிலையத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் மேல் வைத்திருந்தேன். முதல் வரி, 'அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.' அந்தப் பெண்மணி எடுத்ததும், "அவர் அன்றைக்கு உங்களை அதிகமாக எறிய வைத்தது உண்மைதானா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும்," என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், என் படம் போட்ட பதாகை தெரிந்தது. இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு எனக்குக் கை காட்டினார்கள்.

"அது பழைய கதை," என்றேன். "அவர் ரொம்ப நல்ல மனிதர். தாராளமாக வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன்."

அந்தப் பெண்மணி, "உங்களைப் போன்ற மனசு எல்லோருக்கும் வராது," என்றார்.

கோச்சுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு தெரியாத எண்ணிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. நான் சொன்னதைப் பள்ளியில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை, உன் கையைக் கெடுத்தவன் எந்த முகத்தோடு கூப்பிடுவான், நீ மன்னித்துவிட்டாய் என்று கேட்ட அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன், ரொம்ப நன்றி மகனே என்று எழுதியிருந்தார்.

நான் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் எமோஜி ஒன்றை அனுப்பினேன்.